செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி: விலங்குக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேருவது எப்படி?

அம்மாவுக்கு நான்கு ஆண்டுகள் டயாலிசிஸ் நடந்தது. செவ்வாய், வெள்ளி. காலை ஆறரைக்கு ஆட்டோ, ஏழு மணிக்குப் படுக்கை, பதினொன்றரைக்கு வீடு. அம்மா போன பிறகு வாரத்தின் மற்ற ஐந்து நாட்களை எப்படியோ ஓட்டிவிட்டேன். அந்த இரண்டு காலைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடும். குளித்து முடித்து, சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு செவ்வாயன்று, தென்சென்னையில் இருக்கும் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போனேன். இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். நடுவில் செய்த தவறுகளுக்குக் கணக்கில்லை. தடுப்பூசி போடாமல் போனது, வார்ப்பட்டைச் செருப்போடு போனது, யாரும் கேட்காத சாப்பாட்டைச் சுமந்துகொண்டு போனது, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்தது. நீங்களும் மனம் சரியில்லாத ஒரு காலத்தில் இருந்து, நாய் பூனைகளோடு கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்று நினைத்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். மதுரையிலும் கோவையிலும் பெரிதாக மாறிவிடாது.

தொடங்கும் முன் ஒன்று. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே பாரமாகத் தெரிகிறது என்ற நிலையில் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். காப்பகம் எங்கும் போய்விடாது. நீங்கள் தேறி வரும்வரை அங்கேயே இருக்கும், கழுவ வேண்டிய கூண்டுகளோடு.

1. இடத்துக்கு முன் நேரத்தை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் காப்பகத்தைத் தேடுவார்கள். நான் சொல்வது வேறு. வாரத்தில் எந்த நேரம் உங்களைப் போட்டு வாட்டுகிறது என்று பாருங்கள். ஞாயிறு சாயங்காலமா? வேலை போனவர்களுக்குத் திங்கள் காலையா? அந்த நேரத்தையே எடுத்துக் காப்பகத்துக்குக் கொடுங்கள். எனக்குச் செவ்வாய் காலை. வெள்ளிக்கிழமையைச் சும்மா விட்டுவிட்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்குத் தோது வார நாளாக இருந்தால் காப்பகத்துக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. சனி, ஞாயிறுகளில் கல்லூரிப் பிள்ளைகள், ஐடி நிறுவனக் குழுக்கள், பிறந்தநாள் கொண்டாட வருபவர்கள் என்று கூட்டம் நெரியும். ஒரு நாயை நான்கு பேர் தடவிக்கொண்டிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பது நாய்க்கு இரண்டு பணியாளர்கள் இருப்பார்கள், அதில் ஒருவர் விடுப்பில் இருப்பார்.

எவ்வளவு நேரம்? வாரத்துக்கு ஒரு நாள், இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் முதல் மூன்று மாதம் வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேகம் வரும். தினமும் வருகிறேன், ராத்திரியும் வருகிறேன், எல்லாவற்றையும் என்னிடம் விடுங்கள் என்று சொல்லத் தோன்றும். நானும் சொன்னேன். வாரத்துக்கு மூன்று நாள் என்று ஒப்புக்கொண்டு, ஐந்தாவது வாரத்தில் படுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைப் போல் பலரைப் பார்த்தவர். ஆனால் என்னை நம்பி அன்றைக்கு வேறு ஆளைக் கூப்பிடாமல் இருந்தார். மூன்று நாயின் கட்டு மதியம் வரை மாற்றப்படாமல் கிடந்தது. அன்றிலிருந்துதான் செவ்வாய் மட்டும்.

2. காப்பகத்தைத் தேர்ந்தெடுப்பது

சென்னையில் வேளச்சேரியில் இருக்கும் ப்ளூ கிராஸும் அடையாறு பக்கம் இருக்கும் பெசன்ட் மெமோரியல் அனிமல் டிஸ்பென்சரியும் பலரும் அறிந்த பழைய அமைப்புகள். இவை தவிர நகரின் விளிம்பில், ஒரு தனிமனிதர் தம் நிலத்தில் நடத்தும் சிறு காப்பகங்கள் நிறைய. பெரிய இடத்தில் முறை இருக்கும், படிவம் இருக்கும், கால்நடை மருத்துவர் இருப்பார், ஆனால் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. சிறிய இடத்தில் முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூடவே பணக்கஷ்டமும் பஞ்சாயத்தும் உங்கள் தலைக்கு வரும். மனம் நைந்திருக்கும்போது முறை உள்ள இடமே நல்லது என்பது என் கருத்து.

எந்த இடமானாலும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்ன பார்க்க வேண்டும்? தண்ணீர்ப் பாத்திரம் நிறைந்திருக்கிறதா, அதில் பாசி படிந்திருக்கிறதா? புதிதாக வந்த விலங்குகளைத் தனியாக வைத்திருக்கிறார்களா? குட்டிகளின் கூண்டுக்குள் யார் வேண்டுமானாலும் போகிறார்களா? கருத்தடை செய்கிறார்களா? நாற்றம் இருந்தால் பயப்படாதீர்கள், நூறு நாய் இருக்கும் இடத்தில் நாற்றம் இருக்கத்தான் செய்யும். புது நாயைப் பழைய நாய்களோடு அப்படியே விடும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு நாய்க்கு வந்த நோய் ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் வந்துவிடும், அதை உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தொடர்புகொள்வதில் ஒரு பொறி உண்டு. மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நான் முதலில் இரண்டு இடங்களுக்கு நீளமாக எழுதினேன். அம்மாவின் கதை உட்பட எல்லாம் அதில் இருந்தது. மூன்று வாரம் பதில் இல்லை. அன்றைய மனநிலையில், நாய்களுக்குக்கூட நான் வேண்டாமா என்று அழுதேன். இப்போது உள்ளே இருந்து பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. அந்த மின்னஞ்சலைத் திறக்க வேண்டியவர் கையில் அந்நேரம் ஒரு நாயின் கால் இருந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இரண்டே வரி போதும்: “செவ்வாய்தோறும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை வர முடியும். கழுவும் வேலை செய்வேன்.” இரண்டாவது வரியைக் கேட்டதும் குரலே மாறும், பாருங்கள்.

3. தடுப்பூசி: ஒரு மாதம் முன்பே

இதை மட்டுமாவது ஒழுங்காகப் படியுங்கள். நான் போடாமல் போனேன்.

வெறிநாய்க்கடி நோய்க்குக் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள், 7-ஆம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று ஊசி. முதல் நாளும் 7-ஆம் நாளுமாக இரண்டு ஊசி போதும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததால் சில மருத்துவர்கள் இரண்டோடு நிறுத்துவார்கள். உங்களுக்கு எது என்று மருத்துவர் சொல்லட்டும். கையில் போடும் சாதாரண ஊசிதான். தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே என்று அத்தை, சித்தி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது.

செலவு: நான் தனியார் மருந்துக் கடையில் வாங்கியபோது ஒரு டோஸ் 400 ரூபாய்க்குள் முடிந்தது, போட்டுவிட்ட கிளினிக்குக்குத் தனியாகக் கட்டணம். அரசு மருத்துவமனைகளில் கடிபட்டவர்களுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். முன்கூட்டியே போட்டுக்கொள்ள வருபவர்கள் சொந்தச் செலவில் போட்டுக்கொள்வதாக நினைத்துக் கணக்குப் போடுங்கள். கூடவே டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பே போட்டிருந்தால் என்ன லாபம்? பிறகு கடிபட்டாலும் இரண்டே ஊசி, முதல் நாளும் 3-ஆம் நாளும். காயத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற நேரடி எதிர்ப்பு மருந்தைக் குத்த வேண்டியதில்லை. முன்பு போடாதவர்களுக்கு முழுச்சுற்று. தசையில் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28-ஆம் நாட்கள் என்று ஐந்து ஊசி. இரத்தம் வரும்படி கடித்திருந்தால், அதோடு அந்தக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். என்னை மூன்றாவது வாரத்தில் ஒரு பூனை ஆள்காட்டி விரல் நுனியில் கடித்தது. தவறு என்னுடையது. தூங்கிக்கொண்டிருந்ததைப் பின்பக்கமாகத் தூக்கினேன். விரல் நுனியில் சதையே கிடையாது, அதில் அந்த மருந்து இறங்கும்போது இருந்த வலியை எழுத்தில் சொல்ல முடியாது. நர்ஸ் அம்மா, “இவ்வளவு பிரியம் இருக்கிறவர்கள் முன்னாலேயே ஊசி போட்டுக்கொண்டு போகக்கூடாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

4. கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்

அதிகம் இல்லை. ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் ஒன்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, தடுப்பூசிச் சீட்டின் நகல், அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண். இந்தக் கடைசி விஷயத்தில் படிவத்தின் அந்தக் கட்டத்துக்கு வந்து நின்றுவிட்டேன். இருபது ஆண்டுகளாக எல்லாப் படிவத்திலும் அம்மா எண்ணைத்தான் எழுதியிருந்தேன். யார் பெயரை எழுதுவது என்று வீட்டிலேயே யோசித்து, அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெரும்பாலான இடங்களில் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கடித்தாலோ கீறினாலோ காப்பகம் பொறுப்பல்ல என்று அதில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பெற்றோரின் கடிதம் கேட்பார்கள், சில இடங்களில் பெற்றோரும் கூட இருக்க வேண்டும். கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய தேதி போட்டுக் கேட்டால் யாருக்கும் பிடிக்காது.

சேருவதற்குப் பணம் கட்டச் சொன்னால் எதற்கென்று கேளுங்கள். அடையாள அட்டைக்கோ டி-ஷர்ட்டுக்கோ வாங்கினால் சரி, ரசீது தருவார்கள். ஒரு தனிநபரின் ஜிபே எண்ணைக் கொடுத்து அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். நன்கொடை கொடுப்பது தனிக் கதை. அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற்றுத்தரும் பதிவு (80ஜி என்பார்கள்) உள்ள அமைப்பு என்றால் பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்குச் சலுகை கிடைக்கும், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கிடைக்காது. கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

5. என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது

பழைய முழுநீளக் கால்சட்டை, தடித்த பருத்திச் சட்டை. துப்பட்டா வேண்டாம், குட்டிகள் பிடித்துத் தொங்கும். தொங்கும் காதணி வேண்டாம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டட வேலைப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும். நான் 450 ரூபாய்க்கு வாங்கினேன். என் மொத்தச் செலவில் உருப்படியான செலவு அதுதான். முதல் நாள் போட்டுப்போன செருப்பின் வார்ப்பட்டையை ஒரு மூன்று கால் நாய் எடுத்துக்கொண்டுபோய்விட்டது. மாற்று உடை ஒன்று, அழுக்கு உடையைப் போட்டுக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், ஒரு சோப்பு.

சாப்பாடு எடுத்துப் போகாதீர்கள், கேட்காமல். நான் முதல் வாரம் ஒரு தூக்கு நிறையக் கோழிக்குழம்புச் சோறு கொண்டுபோனேன், வெங்காயமும் எலும்பும் போட்டு. வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, இரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி போல் உடைந்து குடலைக் குத்தும். திராட்சை, சாக்லேட் இரண்டும் விஷம். தூக்கை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழைய செய்தித்தாள், பருத்திப் புடவை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோனால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பஞ்சு அடைத்த மெத்தையும் தலையணையும் வேண்டாம், கிழித்து விழுங்கிவிடும். அம்மாவின் நூல் புடவைகள் எட்டு இப்படிப் போயின. அறுவைச் சிகிச்சை முடிந்து நடுங்கிக்கொண்டிருக்கும் நாய்க்குப் பழைய சுங்குடி போல் இதமான விரிப்பு வேறில்லை.

6. முதல் நாள்: கொஞ்சப் போகாதீர்கள்

குட்டிகளைத் தூக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கூடாது. பார்வோ என்ற வைரஸ் தடுப்பூசி முடியாத குட்டிகளை இரத்த பேதியில் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். அது உங்கள் செருப்பிலும் கையிலும் உட்கார்ந்து வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நோயுற்ற நாயைத் தொட்டுவிட்டுக் குட்டியைத் தொட்டால் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தது நீங்கள்தான். அதனால் வேலையின் வரிசை இப்படி: முதலில் குட்டிகள், பிறகு ஆரோக்கியமான பெரிய நாய்கள், கடைசியாக நோயாளிகள். தலைகீழாக ஒருநாளும் போகாதீர்கள். உங்கள் வீட்டிலேயே தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால், அது முடியும்வரை காப்பகம் பக்கம் வரவே வேண்டாம்.

முதல் நாள் என்ன வேலை தருவார்கள்? கழுவுதல்தான். அதில் ஒரு முறை இருக்கிறது. மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அலசிய பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றினால் ஒன்றும் சாகாது. கடையில் விற்கும் திரவ ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள். பூனைக் கூண்டில் ஃபினாயில் கூடவே கூடாது, பூனையின் ஈரல் அதைத் தாங்காது. ப்ளீச்சோடு ஆசிட்டையோ ஃபினாயிலையோ கலக்காதீர்கள், மூச்சு முட்டும்.

இந்த வேலையில் என்ன ஆனந்தம் என்று கேட்கலாம். முதல் மாதம் இல்லை. உங்களைப் பார்த்து வாலாட்டி ஓடிவந்து கட்டிக்கொள்ளும் நாய் எதுவும் அங்கே காத்திருக்காது. புது ஆள் என்று பாதி குரைக்கும், மீதி மூலையில் ஒடுங்கும். ஆறுதல் தேடிப் போனவர்கள் இரண்டாவது வாரம் நின்றுபோவது இதனால்தான்.

7. தொடுவதற்கு முன்

நாயின் எதிரே நின்று குனியாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். அது வரட்டும். வந்து மோந்தால் தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் தடவுங்கள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோவது அடிக்க வருவதைப் போல அதற்குத் தெரியும். தெருவில் அடிபட்டு வந்த நாய்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

வாலை ஆட்டினால் நட்பு என்று நம்பிவிடாதீர்கள். உடம்பு முழுக்கக் குழைந்து ஆடினால் நட்பு. உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நின்று வேகமாக ஆடினால் எழுந்து மெல்ல விலகுங்கள். வாயைச் சும்மா நக்கிக்கொள்வது, தூக்கக் கலக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் “போதும், நிறுத்து” என்பதுதான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் எதையும் தொடாதீர்கள். தூங்கிய பூனையின் கதை மேலே இருக்கிறது.

சொறி பிடித்த நாய்களைத் தொடும்போது கையுறை போடுங்கள். சில வகைச் சொறி மனிதர் தோலிலும் சில நாள் அரிக்கும். பூனைகளின் படர்தாமரையும் அப்படித்தான். கர்ப்பமாக இருப்பவர்கள் பூனை மலத்தைக் கையாள வேண்டாம். வேறு வேலை கேளுங்கள், மருந்துச் சீட்டு எழுதவும் ஆள் தேவைப்படும்.

8. உங்களுக்கென்று ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு மாதம் கழுவிய பிறகு, யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு உண்ணி எடுக்கும் வேலை அமைந்தது.

கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்றின் மேல் உட்கார வேண்டும். பக்கத்தில் ஒரு சிறு பாட்டிலில் ஸ்பிரிட். நாயைப் பணியாளர் கொண்டுவந்து மடியருகே படுக்க வைப்பார். காது மடலின் உள்பக்கம், கால் விரல்களின் இடுக்கு, வாலடி, இந்த மூன்று இடத்திலும் அடைந்திருக்கும். இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். தலை உள்ளே தங்கிவிடக் கூடாது. விரலால் நசுக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் போட்டால் கால்களை விரித்து ஒருமுறை நீந்திவிட்டு அடங்கும். முற்றிய பெண் உண்ணி ஆமணக்கு விதை போல் சாம்பல் நிறத்தில் இருக்கும். அது வரும்போது ஒரு சிறு “டப்” கேட்கும்.

அந்த வேலைக்கு வந்த மூன்றாவது செவ்வாயோ நான்காவதோ, செம்பட்டை நிறத்தில் ஒரு கிழட்டு நாய். வேளச்சேரிப் பாலத்தடியிலிருந்து கொண்டுவந்தது, இடது காதில் கருத்தடைக்கான சிறு வெட்டு இருந்தது. ஒரு காதில் மட்டும் அறுபத்து மூன்று. எண்ணிக்கொண்டே எடுத்தேன். நாற்பதைத் தாண்டியபோது அது தலையை என் பூட்ஸின் மேல் வைத்துக் குறட்டை விடத் தொடங்கியது. அறுபத்து மூன்றை எடுத்துப் பாட்டிலை மூடிவிட்டு நிமிர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பது. டயாலிசிஸ் நேரம் முழுவதும் போயிருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணியைக் கவனிக்காமல் தாண்டியிருந்தேன். பணியாளர் தம்பி, “அக்கா, டீ ஆறிப்போச்சே” என்றார். ஆறிய டீயைக் குடித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

உங்களுக்கு உண்ணி ஒத்துவராமல் போகலாம். முதுகெலும்பு முறிந்த நாய்களுக்குச் சிறுநீர்ப் பையை அழுத்திவிடும் வேலை, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் வேலை, பயந்த நாயின் கூண்டருகே உட்கார்ந்து சத்தமாகச் செய்தித்தாள் வாசிக்கும் வேலைகூட இருக்கிறது. உடம்பு முடியாதவர்களுக்கு அந்தக் கடைசி வேலை தோதானது. நாய் மனிதக் குரலுக்குப் பழகும், உங்களுக்கும் ஊர் நடப்பு தெரியும்.

9. கடித்துவிட்டால்

பதறாமல் குழாயடிக்குப் போங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. வைரஸைக் குறைப்பதில் இந்தக் கழுவலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். லேசான கீறல்தானே, நமக்குத் தெரிந்த நாய்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிது. முன்பு போட்ட தடுப்பூசிச் சீட்டைக் காட்டினால்தான் இரண்டு ஊசியோடு விடுவார்கள், அதனால் அதன் படத்தைத் தொலைபேசியில் வைத்திருங்கள்.

மேற்பார்வையாளரிடமும் சொல்லுங்கள். நாயைத் திட்டிவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. சொன்னால்தான் அந்த விலங்கைத் தனியாக வைத்துக் கவனிப்பார்கள்.

10. வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை

வரும். நிச்சயம் வரும். முதல் ஆறு மாதம் தத்தெடுக்காதீர்கள். வெறுமையான வீட்டுக்கு ஒரு நாய் வந்தால் நிறையும் என்று தோன்றும்போது எடுக்கும் முடிவு பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுக்கான முடிவு. காலை நடை, ஆண்டுத் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், வீட்டுக்காரரின் சம்மதம், நீங்கள் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள், அது படுத்துவிட்டால் மறுபடியும் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தெம்பு, இவ்வளவும் வேண்டும். கடைசியில் சொன்னது எனக்கு இன்னும் வரவில்லை, எனவே எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டுபோய் மூன்றே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலில் கார் கிளம்பிய பிறகும் அந்த நாய் கேட்டைவிட்டு நகராது.

ஆசை தாங்கவில்லை என்றால் சில வாரம் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்துச் செலவு யாருடையது, திரும்ப ஒப்படைக்கும் தேதி எது, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, படங்கள். காப்பகத்தின் அனுமதி இல்லாமல் இடத்தின் பெயரோடு படம் போடாதீர்கள். அடுத்த வாரமே இரவோடிரவாக நாலு குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். வளர்த்த பிராணியைத் தவிக்கவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், ஆனால் அட்டைப்பெட்டியில் யாரும் முகவரி எழுதி வைப்பதில்லை.

11. கூண்டு காலியாக இருக்கும் நாள்

அறுபத்து மூன்று உண்ணி எடுத்த அந்த நாய் இரண்டு வாரத்தில் போய்விட்டது. உண்ணிக் காய்ச்சல் முற்றியிருந்தது. நான் போனபோது கூண்டு கழுவிக் காய்ந்திருந்தது.

இதற்கு வழிமுறை எழுத முடியாது. நான் செய்துகொண்ட ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன். காலியான கூண்டைப் பார்த்தால் யாரிடமும் உடனே கேட்பதில்லை, தத்துப் போயிருக்கும் என்று ஊகிப்பதும் இல்லை. வேலை முடித்துக் கை கழுவிய பிறகு மேற்பார்வையாளரிடம் கேட்பேன். அவர் உள்ளதைச் சொல்வார். அழுகை வந்தால் மருந்து அறைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. எல்லோரும் அங்கே அழுதிருக்கிறார்கள், ஒரு பழைய நாற்காலிகூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமையைச் சும்மா விட்டேன் என்றேனே, அது இதற்குத்தான். அம்மாவுக்கென்று ஒரு காலை வேண்டியிருந்தது.

இரவில் காப்பகமே கனவில் வருகிறது, வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, தெருவில் நாய் ஓடினாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் ஒரு மாதம் நில்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

12. பருவம், விடுப்பு

தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் கூடுதல் ஆட்கள் தேவை. வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடி அடிபட்டவை வந்தபடி இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் தாழ்வான காப்பகங்களில் தண்ணீர் புகும், அந்த நாட்களில் கிளம்பும் முன் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். கோடையில் காலை எட்டுக்கே தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். உண்ணிகளுக்கும் அதுதான் கொண்டாட்டக் காலம்.

வர முடியாத நாளை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அம்மாவின் முதல் திவசம் ஒரு செவ்வாயில் வந்தது. நான் சொல்ல மறந்துவிட்டேன். சாஸ்திரிகள் வந்து உட்கார்ந்திருக்கும்போது ஒன்பதே காலுக்குத் தொலைபேசி அடித்தது. “அக்கா, உடம்பு எதுவும் சரியில்லையா?” என்று மேற்பார்வையாளர். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “காரியத்தை முடித்துவிட்டு நாளைக்கு வாருங்கள். நான்கு நாய்க்கு உண்ணி எடுக்க வேண்டும், உங்கள் வாளியை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

புதன்கிழமை காலை போனேன். நான்கு என்றவர் ஆறு வைத்திருந்தார்.